கம்பியைப் பார்த்தாலே மகளுக்கு வயிற்று வலி

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. ஏழு வயதிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கிறாள். தீபா கர்மாகர் படத்தை பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஹை பாரில் (இரண்டு கம்பிகளில் உயரமானதில்) ஃப்ளைஅவே, அதாவது வீசிக் கையை விட்டுப் பின்பக்கமாகச் சுற்றி இறங்குவது, பழகும்போது கையைச் சீக்கிரம் விட்டுவிட்டு, முட்டியும் கையும் மோதும்படி கீழே விரித்திருந்த மேட் மேல் விழுந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியது. எக்ஸ்-ரேயில் முறிவு இல்லை என்றார்கள். ஓய்வுக்குப் பிறகு ஃப்ளோர் (தரைப் பயிற்சி), பீம் (ஒடுக்கமான கட்டை மேல் செய்வது), வால்ட் (ஓடி வந்து மேசையைத் தாண்டுவது) எல்லாம் பழையபடி செய்கிறாள். பார் என்றால் மட்டும் சாக் பவுடரைக் கையில் தேய்த்துக்கொண்டே நிற்கிறாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள், பாத்ரூம் போகிறாள், அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. பார் பயிற்சி உள்ள நாட்களில் காலையிலேயே வயிற்று வலி. மாஸ்டர், "பயந்தா இந்த விளையாட்டு வேலைக்கு ஆகாது" என்கிறார். இவள் அப்பா, செய்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமியார், "கண்ணு பட்டிருக்கு, பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்கிறார். பொங்கல் முடிந்ததும் மாவட்டப் போட்டி. தைரியம் சொல்லித் தள்ளுவதா, நிறுத்திவிடுவதா?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தள்ளவும் வேண்டாம், இப்போதைக்கு நிறுத்தவும் வேண்டாம். பாரில் உங்கள் மகள் பயப்படாமல் செய்யக்கூடிய ஏதோ ஒன்று இன்னும் இருக்கும். அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, அதற்கு இறங்கிப்போய், அங்கிருந்து மறுபடி ஏற வேண்டும். அடுத்த படிக்கு எப்போது போவது என்பதை அவளே சொல்ல வேண்டும். விழுந்து பயந்த பிள்ளைகளுடன் வேலை செய்வதே என் தொழில். பாரோ, பாக்ஸிங் ரிங்கோ, நீச்சல் குளமோ, வழி இதுதான்.

ஆனால் மனசுக்குப் போகும் முன் உடம்பைப் பார்த்துவிடுவோம். "பயம்" என்று நாம் பெயர் வைத்துவிட்ட பல விஷயங்களுக்குக் கீழே வலி ஒளிந்திருக்கும். வலி என்று சொன்னால் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள் என்று பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்த வயதில் முன்கை எலும்பின் மணிக்கட்டு முனையில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் உடம்பு மொத்தத்தையும் கையில் தாங்குகிறவர்கள் என்பதால் அந்த இடம் எளிதில் நோகும். முதல் எக்ஸ்-ரேயில் அது தெரியாமலும் போகலாம். அவள் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், மூட்டுக்குச் சற்று மேலே, மெதுவாக அழுத்திப் பாருங்கள். கையைத் தரையில் ஊன்றி எழச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், பழைய படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. கை சிகிச்சைக்கென்று பேர்போன தனிப் பிரிவு அங்கே உண்டு. ஃப்ளோரில் வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஃப்ளோரில் கை உடம்பைத் தள்ளுகிறது, பாரில் உடம்பு கையை இழுக்கிறது. இரண்டும் வேறு வேறு பாரம்.

அடுத்தது உயரம். 11, 12 வயதில் பெண் பிள்ளைகள் சட்டென்று வளர்கிறார்கள். போன தீபாவளிக்கு எடுத்த பாவாடை இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். கையும் காலும் நீண்டால் ஸ்விங்கின், அதாவது கம்பியில் தொங்கி வீசுவதன், தாளமே மாறிப்போகும். நேற்று வரை சரியாக இருந்த இடத்தில் கையை விட்டால் இன்று தப்பாகும். சர்வதேச விதிப்படி தரையிலிருந்து ஹை பார் 250 செ.மீ., லோ பார் 170 செ.மீ. உயரம் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ப மாற்றலாம். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று மாஸ்டரிடம் கேளுங்கள். பின்னால் வீசும்போது கால் லோ பாரில் இடிக்குமோ என்ற எண்ணம் வந்துவிட்டால் அவளால் முழு ஸ்விங் போடவே முடியாது.

கையில் மாட்டும் தோல் கிரிப்பையும் எடுத்துப் பாருங்கள். கை வளர்ந்திருக்கும், கிரிப் பழைய அளவாக இருக்கும். அல்லது தோல் இழுபட்டுத் தொளதொளவென்று ஆகியிருக்கும். தொளதொளத்த கிரிப் கம்பியைச் சுற்றி மடங்கிச் சிக்கிக்கொண்டால் கை நின்றுவிடும், உடம்பு சுற்றும். அது முன்கையையே உடைக்கக்கூடியது. புதுசு வாங்கினால், பெரிய ஸ்விங்குக்குப் போகும் முன் லோ பாரில் சில நாள் பழக்கிய பிறகு போடச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. கடல் காற்று உள்ளே வரும் ஹாலில் மாலை நேரத்தில் உள்ளங்கை நசநசவென்று இருக்கும். அதன் மேல் சாக் பவுடரைத் தேய்த்துக்கொண்டே போனால் அது மாவு போலத் திரண்டு இன்னும் வழுக்கும். முதலில் துண்டால் கையைத் துடைத்து, பிறகு ஒரே ஒரு தடவை மெல்லிசாகப் பூசினால் போதும்.

இன்னொன்று, அம்மாவான நீங்கள்தான் கேட்க முடியும். வயதுக்கு வரும் காலம் இது. மாதவிலக்கு தொடங்கிவிட்டதோ, தொடங்கிவிடுமோ என்ற கூச்சம் லியோடார்ட் (உடம்போடு ஒட்டிய பயிற்சி உடை) போட்டுக்கொண்டு எல்லோர் கண் முன்னாலும் தலைகீழாகத் தொங்கும்போது பெரிதாகும். அதன் மேல் கருப்பு ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு பயிற்சி செய்யலாமா என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். வயிற்று வலிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

சரி, இவையெல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் பயம் என்றால்?

ஃப்ளைஅவேயில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். கம்பியில் தொங்கி முன்னால் வீசும்போது உடம்பு கம்பிக்கு நேர் கீழே இருக்கும் கணத்தில் அதன் வேகம் முழுக்க முன்னோக்கி இருக்கும். காலும் இடுப்பும் மேலே ஏற ஏற வேகம் மேல்நோக்கித் திரும்பும். அந்த நேரத்தில் விட்டால்தான் உயரம் கிடைக்கும், பின்பக்கமாகச் சுற்றி நிற்க நேரம் கிடைக்கும். சீக்கிரம் விட்டால் உடம்பு தாழ்வாகத் தூரப் போகும். சுற்றி முடிக்கும் முன் மேட் வந்துவிடும். உங்கள் மகள் முட்டியிலும் கையிலும் விழுந்தது இப்படித்தான். ரொம்ப நேரம் பிடித்திருந்து விட்டால் உடம்பு மேலே போய்க் கம்பிப் பக்கமே திரும்பி வரும்.

தலை கம்பியில் இடிக்குமோ என்ற பயம் உள்ள பிள்ளை சீக்கிரம் விடும். முன்பு சீக்கிரம் விட்டு விழுந்த பிள்ளை இந்த முறை விடப் பயந்து பிடித்துக்கொள்ளும். அதாவது, எது ஆபத்து என்று பயப்படுகிறாளோ அதற்குள்ளேயே பயம் அவளைக் கொண்டுபோய் விடும். இதனால்தான் "கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்சிடு" என்று தள்ளக்கூடாது என்கிறேன். ஃப்ளோரில் அரைமனதாக ஒரு கரணம் அடித்தால் உட்கார்ந்துவிடுவாள், அவ்வளவுதான். பாரில் அரைமனதாகக் கையை விடுவது நிஜமான காயம். சாக் பவுடர் டப்பா பக்கத்திலேயே அவள் நின்றுகொண்டிருப்பது சோம்பலோ பிடிவாதமோ கிடையாது. "இது எனக்கு இன்னும் பத்திரமாக இல்லை" என்று அவள் உடம்பு சரியாகவே சொல்கிறது.

அதே சமயம் நின்றுகொண்டே இருப்பதும் தீர்வாகாது. தண்ணீர் குடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அவளுக்குள் ஓர் 'அப்பாடா' எழும். அந்த நிம்மதியை மூளை பத்திரமாகக் குறித்து வைத்துக்கொள்ளும்: ஒதுங்கினேன், தப்பித்தேன். அடுத்த முறை ஒதுங்குவது இன்னும் எளிதாகும், கம்பி இன்னும் உயரமாகத் தெரியும். அதனால் பார் நாட்களில் அவள் பாரைத் தொடாமல் வீட்டுக்கு வரக்கூடாது. தொடுவது எது என்பதை மட்டும் சின்னதாக்கிக்கொள்ள வேண்டும்.

நம் வடசென்னையில் பாக்ஸிங் வாத்தியார்கள் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். மூக்கில் அடி வாங்கிக் கண் மிரண்டுபோன பையனை மறுநாளே ரிங்கில் ஏற்ற மாட்டார் நல்ல வாத்தியார். காலடி போட வைப்பார், பை குத்த வைப்பார், பிறகு மெதுவாக வரும் குத்தை விலகப் பழக்குவார். பையன் கண்ணைச் சிமிட்டாமல் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எதிரில் ஆள் நிறுத்துவார். அவனைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை. பாருக்கும் அதே மரியாதை வேண்டும்.

இனி படிகள். வீட்டில், சாப்பிட்டு முடித்து நிதானமாக இருக்கும் நேரத்தில், ஒரு நோட்டில் அவளையே எழுதச் சொல்லுங்கள். பாரில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பயத்துக்கு பூஜ்யம் முதல் பத்து வரை மார்க் போடட்டும். லோ பாரில் புல்ஓவர் (உடம்பை இழுத்துக் கம்பி மேல் ஏறுவது) பூஜ்யமாக இருக்கலாம். பேக் ஹிப் சர்க்கிள் (இடுப்பைக் கம்பியில் ஒட்டிப் பின்பக்கமாகச் சுற்றுவது) ஒன்று, கிப் (வீசிக் கம்பி மேல் ஏறுவது) இரண்டு. ஹை பாரில் சும்மா தொங்குவது மூன்று. தொங்கி, அசையாமல் கையை விட்டு மேட்டில் நிற்பது நான்கு. சின்ன ஸ்விங் ஐந்து. ஃப்ளைஅவே பத்து. நான் சும்மா ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன், மார்க் அவளுடையது. "இதுக்கா நாலு போட்டிருக்கே?" என்று நீங்கள் கேட்டுவிட்டால் அந்த நோட்டு அங்கேயே செத்துவிடும்.

பயிற்சியில் மூன்று, நான்கு மார்க் உள்ளதிலிருந்து தொடங்க வேண்டும். அதையே நிதானமாகத் திரும்பத் திரும்பச் செய்து, மார்க் ஒன்றுக்கு இறங்கியதும் அடுத்தது. சில நாள் ஒரே படியில் நிற்பாள், சில நாள் ஒரு படி கீழே போவாள். அதைத் தோல்வி என்று யாரும் பேசக்கூடாது. ஒவ்வொரு நாளும் கடைசியாகச் செய்வது அவளால் நன்றாகச் செய்ய முடிந்த ஒன்றாக இருக்கட்டும். பயந்து அழுத முயற்சியோடு கிளம்பினால் இரவெல்லாம் மனசு அதையேதான் ஓட்டிக்கொண்டிருக்கும்.

ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில்தான் மாஸ்டரின் திறமை தேவைப்படுகிறது. மணிக்கட்டைக் கம்பியோடு பட்டையால் பிணைக்கும் ஸ்ட்ராப் பார் இருக்கிற இடமென்றால் வழுக்கிவிடுமோ என்ற கவலை இல்லாமல் பெரிய ஸ்விங் பழகலாம். அடுத்து, கம்பிக்கு முன்னால் மெத்தை மேட்டுகளை உயரமாக அடுக்கி, ஸ்விங் போட்டுக் கையை விட்டு, சுற்றாமல் மல்லாக்க மெத்தையில் விழுவது. இது மிக முக்கியமான படி. கையை விடுவதையும் சுற்றுவதையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. எப்போது விடுவது என்பது மட்டும் கைக்குப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பிறகு ஃபோம் பிட் (நுரைப் பஞ்சு நிரப்பிய பள்ளம்) இருந்தால் அதில், மாஸ்டர் முதுகில் கை கொடுக்க, முழு ஃப்ளைஅவே. அப்புறம் கை கொடுக்காமல், ஆனால் பக்கத்திலேயே நிற்க. அதன் பிறகே மேட், அதுவும் தடிமனாகத் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்து.

உங்கள் பயிற்சி மையத்தில் பிட் இல்லை, மெத்தைகளும் போதாது, பிடிக்க ஒரே ஒரு ஆள்தான் என்றால் ஃப்ளைஅவேயை அங்கே திரும்பப் பழக வேண்டாம் என்பேன். வசதி இருக்கும் இடத்துக்கு மாதத்தில் ஒன்றிரண்டு நாள் கூட்டிப்போக முடியுமா என்று மாஸ்டரையே கேளுங்கள். வசதியில்லாத இடத்தில் துணிச்சலை மட்டும் நம்பிப் பிள்ளையைத் தூக்கி விடக்கூடாது.

கம்பிக்கு முன்னால் நின்று தயங்கும் அந்த நேரத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். கையைத் துடைத்தல், ஒருமுறை சாக், மூச்சை இழுத்ததைவிட நீளமாக வெளியே விட்டு இரண்டு மூச்சு, கம்பியில் கை, கிளம்பு. எப்போதும் இதே வரிசை, கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. கம்பியைப் பிடித்து ஐந்து எண்ணுவதற்குள் கிளம்ப மனசு வரவில்லை என்றால் இறங்கிவிடலாம், யாரும் திட்டக்கூடாது. ஆனால் இறங்கியதும் நோட்டில் அதற்கு ஒரு படி கீழே உள்ளதை உடனே செய்ய வேண்டும். இந்த ஒப்பந்தம் முன்கூட்டியே மாஸ்டருக்கும் அவளுக்கும் நடுவில் பேசி வைத்ததாக இருக்க வேண்டும்.

ஸ்விங்கின்போது அவள் வாயில் சொல்லிக்கொள்ள மூன்று சொல் போதும்: வளை, உதை, விடு. கம்பிக்குக் கீழே வரும்போது உடம்பை வளைப்பது, காலை மேலே உதைப்பது, கால் கட்டைவிரல் கண்ணுக்குத் தெரிந்ததும் விடுவது. சத்தமாகவே சொல்லட்டும். வாய் வேலையில் இருந்தால் "விழுந்துடுவேனோ" என்பதற்கு இடம் குறையும். வார்த்தைகளை மாஸ்டர் மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் "விழாதே", "பயப்படாதே" மாதிரி வார்த்தைகள் வேண்டாம். செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். இரவு படுக்கும்போது கண்ணை மூடி, தன் கண் வழியாகவே, நிஜ வேகத்தில் அந்த ஸ்விங்கை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். கற்பனையிலும் விழுந்தால் நிறுத்தி, விழுவதற்கு முந்தின இடத்திலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். இதற்குச் சில நிமிடம் போதும், கட்டாயப்படுத்தினால் இதுவும் வீட்டுப்பாடமாகிவிடும்.

மாஸ்டரிடம் பேசும்போது மற்ற பெற்றோர் இல்லாத நேரமாகப் பாருங்கள். "நீங்க பயமுறுத்துறீங்க" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. "சார், பாப்பா சின்னதா ஒரு படிக்கட்டு எழுதியிருக்கா, நீங்க பார்த்துச் சரி பண்ணிக் குடுங்க" என்று நோட்டைக் கையில் கொடுங்கள். பெரும்பாலான மாஸ்டர்கள் இதை விரும்புவார்கள். பயந்தால் வேலைக்கு ஆகாது என்ற அவருடைய வார்த்தையை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சிமோன் பைல்ஸைவிடப் பெரிய ஜிம்னாஸ்ட் இன்று யார்? 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் காற்றில் சுழலும்போது தன் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனதால், அணிப் போட்டியில் வால்ட் முடிந்ததும் விலகிக்கொண்டார். பார்ஸ் உட்பட அடுத்தடுத்த இறுதிப் போட்டிகளிலும் இறங்கவில்லை. கடைசி நாள் பீமில் மட்டும் வந்தார். அப்போதும் தன் வழக்கமான முறுக்குச் சுழலோடு இறங்காமல், முறுக்கில்லாத வேறு டிஸ்மவுண்ட்டை (கருவியிலிருந்து இறங்கும் முறையை) வைத்துக்கொண்டு வெண்கலம் வென்றார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. அவருக்கு வந்தது வேறு வகைச் சிக்கல், உங்கள் மகளுக்கு வந்திருப்பது விழுந்ததால் வந்த பயம். ஆனாலும் டிஸ்மவுண்ட்டை மாற்றிக்கொண்டு களத்தில் நிற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அதனால் பொங்கலுக்குப் பிறகு வரும் போட்டிக்கு ஃப்ளைஅவேயைக் கெடுவாக வைக்காதீர்கள். அவள் பிரிவின் விதியில் இடமிருந்தால் எளிமையான டிஸ்மவுண்ட்டோடு இறங்கட்டும், மார்க் குறையட்டும். இடமில்லை என்றால் பாரை விட்டுவிட்டு மற்ற மூன்றில் கலந்துகொள்ள முடியுமா என்று விசாரியுங்கள். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் வால்ட், பார்ஸ், பீம், ஃப்ளோர் என்று நான்கு கருவிகள் உண்டு. அவள் பீரோவில் ஒட்டியிருக்கும் தீபா கர்மாகர் நாட்டுக்குத் தெரிந்தது பாரால் கிடையாது. 2016 ரியோவில் வால்ட் இறுதியில் நான்காவதாக வந்தார், வெண்கலத்துக்கும் அவருக்கும் 0.15 புள்ளிதான் வித்தியாசம். பாரில் பின்தங்கினாலும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவோ வழி திறந்திருக்கிறது. அதை அவளிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வருவோம். சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், பிறந்தநாளுக்கோ பொங்கலுக்கோ. அப்பா பாசத்தில்தான் சொல்லியிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் பாரோடு முடிச்சுப் போட்டுவிட்டதால் அது இப்போது அவள் தலையில் கடனாக உட்கார்ந்திருக்கும். பயத்தோடு, அப்பாவை ஏமாற்றுகிறோம் என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். மாமியார் திருஷ்டி கழிக்க வேண்டும் என்றால் கழிக்கட்டும், பாட்டி கையால் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டால் பிள்ளைக்கு ஓர் ஆறுதல்தான். "கை கால் உடைஞ்சா நாளைக்கு யார் கட்டிப்பா" என்பது போன்ற பேச்சு மட்டும் அவள் காதில் விழ வேண்டாம். அதை உங்கள் கணவர் தன் அம்மாவிடம் பேசுவதுதான் சரி, மருமகள் நீங்கள் பேசினால் அது வேறு சண்டையாகிவிடும்.

பயிற்சி முடிந்து அழைத்து வரும்போது "இன்னைக்குப் பண்ணியா?" என்று கேட்காதீர்கள். இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பல பிள்ளைகளுக்கு மதியத்திலிருந்து வயிறு வலிக்கும். டி.எச். ரோடு நெரிசலில் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளையிடம், "பசிக்குதா, அத்தோ சாப்பிட்டுப் போலாமா?" என்று கேளுங்கள், போதும். சொல்ல வேண்டியிருந்தால் அவளே சொல்வாள். சொன்னால், "ஓஹோ, அப்புறம்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொங்கிவிட்டு வந்தேன் என்றால் தொங்கியதற்குச் சந்தோஷப்படுங்கள், "அப்போ எப்ப ஸ்விங்?" என்று அடுத்ததைத் தொடாதீர்கள். "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. பயம் இருக்கும்போதே இன்னைக்குக் கம்பியைப் பிடிச்சியே" என்று ஒருமுறை சொன்னால் அது அவளிடம் நெடுநாள் இருக்கும்.

இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். பாரில் மாஸ்டரோ சீனியரோ பிள்ளையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முதுகில், வயிற்றில், தோளில், தொடையில் கை படும். முறையாகப் பிடிப்பவர்கள் எங்கே பிடிக்கப்போகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில்தான் பிடிப்பார்கள். குறிப்பிட்ட சில நாள் காலையில் மட்டும் வயிற்று வலி என்பதால், "பிடிக்கும்போது உனக்குச் சரியா இருக்கா? எங்கே பிடிப்பாங்க, காட்டு" என்று ஒருநாள் சாதாரணமாகக் கேளுங்கள். முகத்தை மாற்றாமல் கேளுங்கள், அவள் சொல்வதை நம்புங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் அன்றிலிருந்து அந்த இடத்துக்கு அனுப்பாதீர்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். சில பிள்ளைகள் சில வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள், சிலருக்கு ஒரு சீசனே ஆகும். நீங்கள் நாளை எண்ணுவதை அவள் பார்க்காமல் இருந்தால் நல்லது. ஆனால் தூக்கம் கெடுகிறது, கெட்ட கனவில் எழுந்துகொள்கிறாள், பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறாள், பீமுக்கும் ஃப்ளோருக்கும் இந்தப் பயம் பரவுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளுக்கான மனநல நிபுணரை நேரில் பாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) இலவச எண்ணில் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம்.

கடைசியாக, நிறுத்துவது பற்றி. அது தப்பே இல்லை. அவளுக்கே வேண்டாம் என்று ஆகிவிட்டால் நிறுத்த அவளுக்கு முழு உரிமை இருக்கிறது, நாலு வருடம் செலவழித்த பணத்தை அப்போது யாரும் எண்ணிக் காட்டக்கூடாது. ஆனால் அந்த முடிவை விழுந்த நாளிலோ அழுத நாளிலோ எடுக்க வேண்டாம். அவளுக்கு நன்றாகப் போன ஒரு நாளாகப் பார்த்து, "இன்னும் தொடரணும்னு இருக்கா?" என்று கேளுங்கள். அன்றைக்கும் வேண்டாம் என்றால் அது அவளுடைய பதில். வேண்டும் என்றால் அடுத்த பார் பயிற்சிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பட்டும்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டு உளவியல் ஆலோசகர்